வீணாகக் கடலுக்குப் போகிறதாம்!

மலையில் நல்ல மழை பிடித்து தாமிரபரணியின் பாபநாசம் அணை அதன் முழு அளவான 143 அடியை நெருங்குகிற வாரத்தில் திருநெல்வேலிப் பக்கம் எல்லோருக்கும் ஒரே வருத்தம்தான். டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், பேப்பரில் கட்டம் கட்டிய செய்தியில் எல்லாம் ஒரே வரி: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. சேரன்மகாதேவியில் என் மாமாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. போனை எடுத்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அணை நிலவரம் சொல்கிற மனிதர். "பாத்தியாடே, தொறந்து விட்டுட்டான். பூராவும் கடலுக்குத்தான் போவுது, கேக்க ஒரு நாதி இல்ல" என்பார். அவரிடம் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய் கடைசியில் கோபத்தில் முடியும். அதனால் இங்கே எழுதுகிறேன், அவர் இதைப் படிக்கப் போவதில்லை.

தாமிரபரணியைக் காப்பாற்றுவோம் என்று போடுகிற திட்டம் எல்லாமே பாபநாசத்தில் தொடங்கிக் கீழே இறங்குகின்றன. பாதி வழியிலேயே, அதாவது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை தாண்டும்போதே, பணமும் ஆர்வமும் தீர்ந்துவிடுகின்றன. ஆறு கடலில் சேர்கிற புன்னைக்காயலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் சொல்வது, திட்டத்தைப் புன்னைக்காயலில் தொடங்கி மேலே ஏறிப் போய் எழுத வேண்டும் என்பது. ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு நல்ல தண்ணீர், எவ்வளவு வண்டல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அது கிடைக்க வேண்டுமானால் ஸ்ரீவைகுண்டத்தில் என்ன செய்ய வேண்டும், சீவலப்பேரியில் என்ன, திருநெல்வேலி ஜங்ஷனில் என்ன, மணிமுத்தாற்றில் என்ன என்று ஒவ்வொரு படியாக மேலே கேட்டுக்கொண்டே போவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த ஆபீஸிலும் யாரும் இப்படி யோசிப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஆறு ஒன்றும் காவிரி மாதிரி பெரிய ஆறு இல்லை. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் சேர்ந்துவிடுகிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் பக்கத்து மாநிலத்தோடு சண்டை போட வழியில்லை. குறை சொல்ல நாம்தான் இருக்கிறோம். சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் வடிநிலம். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, ராமநதி, பச்சையாறு என்று வழியெல்லாம் துணையாறுகள் சேர, குற்றாலத்து அருவித் தண்ணீரைச் சுமந்துகொண்டு சிற்றாறு வந்து சீவலப்பேரியில் கலக்கிறது. ஆகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் போட்ட ஷாம்பூவும் கடைசியில் புன்னைக்காயலுக்குத்தான் வரும்.

அந்த முகத்துவாரமே மலை கொடுத்த மண்ணால் ஆனது. கொற்கையை நினைத்துப் பாருங்கள். பாண்டியர்களின் முத்துக் குளிப்புத் துறைமுகம், ஆறு கடலில் விழுந்த இடம். இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் குளமும் வயலும் வாழையும்தான், கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை கிழக்கே நகர, துறைமுகமும் பின்னாலேயே நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல், நம் பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் இடையன்குடியில் இருந்த கால்டுவெல். அந்தக் காயலும் தூர்ந்துபோக, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபோது புன்னைக்காயல் துறையாகிவிட்டது. மூன்று ஊர், ஒரே ஆற்றின் வாய். இவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த ஆறு இப்போது என்ன கொண்டுவருகிறது என்று பார்த்தால், மலைமண் அணைக்குள் தங்கிவிடுகிறது, ஆற்றுமணலை லாரி கொண்டுபோய்விட்டது, மிச்சம் பிளாஸ்டிக்கும் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரையும்.

மணல் கதையை நீட்ட வேண்டாம், நம்மவர்களுக்கு அது மனப்பாடம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை போட்டது. அதற்கு முன்னால் ஆற்றின் படுகை எவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்பதைப் பாலத்துத் தூண்களின் அஸ்திவாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. படுகை கடல் மட்டத்தை நோக்கித் தாழத் தாழ, கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் மேலே ஏறி வரும். முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோம், அந்தக் கொடிக்கால் குடிக்கிற தண்ணீர் உப்பாகிக்கொண்டு வந்தால் குறியீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முக்காணியில் குறுக்கே தடுப்பணை கட்டியது இந்தப் பயத்தில்தான். தடுப்பணை உப்பை நிறுத்தும், சரி. ஆனால் அதே சுவர் மீனையும் நிறுத்தும். விலாங்கு ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடுகிற ஜாதி. குஞ்சுகள் திரும்பி ஆற்றுக்கு ஏற வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி மேலே எட்டு அணைக்கட்டு ஏற்கெனவே இருக்கிறது, கீழே இன்னொன்றையும் வைத்துவிட்டோம். மீன் ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை வைப்பது பெரிய செலவு இல்லை, எஸ்டிமேட் போடும்போது யாராவது ஞாபகப்படுத்தினால் போதும்.

புன்னைக்காயலுக்கு நான் போனது ஒரு வைகாசி மாதம். ஆத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை, அப்புறம் திடீரென்று பச்சை எல்லாம் நின்றுபோய் உப்பளம். கண் கூசுகிற வெள்ளை. முகத்துவாரத்து ஓரமாக அலையாத்திக் காடு. காடு என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள், பிச்சாவரம் மாதிரி எல்லாம் இல்லை, இடுப்பு உயரமும் ஆள் உயரமுமாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. வெண்கண்டல் இலையைப் பறித்து அடிப்பக்கம் நாக்கை வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். குடித்த உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிற மரம் அது. காலடியில் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்கள் நூற்றுக்கணக்கில் நட்டுக்கொண்டு நின்றன. சுரபுன்னை வகையில் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும், விழுந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். வேர்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் கண்ணாடி போல இறால் குஞ்சுகள், கையை விட்டால் பின்பக்கமாகத் துள்ளி மறைகின்றன.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, ஆத்துல தண்ணி வாரதுக்கும் உங்க மீன்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க. செந்தண்ணி வந்தாத்தான் எறாலு கெளம்பிக் கடலுக்கு வரும். வெறும் உப்புத்தண்ணி கெடந்தா எல்லாம் சூம்பிப் போவும். ஆத்து வாயும் அடைஞ்சிரும், வள்ளம் வெளிய போக முடியாது." புத்தகத்தில் இருப்பதும் இதுதான். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து உப்பும் நன்னீருமாகக் கலந்த தண்ணீரில் வளரும். மழை வெள்ளம் வந்து உப்பு குறையும்போது கூட்டமாகக் கடலுக்குத் திரும்பும். வெள்ளத்தின் வேகம்தான் முகத்தில் சேருகிற மணல்திட்டை அரித்து வாயைத் திறந்து வைக்கிறது. கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டுங்கள், தூர் வாருங்கள் என்று ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள். ஆறு சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இப்போது டெண்டர் விட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி மாமாவின் கணக்குக்கு வருகிறேன். வருஷத்துக்குச் சராசரியாக 13,758 மில்லியன் கன அடி தாமிரபரணித் தண்ணீர் கடலுக்குப் போகிறது என்பது அரசாங்கம் சொல்லும் கணக்கு. அதில் 2,765 மில்லியன் கன அடியைத் திருப்பி நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட ஊர்களுக்குக் கொடுக்கத்தான் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு, வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் தொடங்கி இழுத்துக்கொண்டே போய் 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். வெள்ளாங்குளியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிறது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. திசையன்விளைப் பக்கம் கிணற்றை எட்டிப் பார்த்தவர் யாருக்கும் வராது. வெள்ளக் காலத்தில் திருப்பினால் ஐந்தில் நாலு பங்கு அப்போதும் கடலுக்குப் போகத்தான் போகிறது. அதனால் மொத்தக் கணக்கில் சண்டை இல்லை.

மாதக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த 13,758இல் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சில வாரங்களுக்குள் போய்விடுகிறது. சித்திரை வைகாசியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே போய் நின்று பாருங்கள். கசிகிற தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும்தான் ஆறு. மேலே இரண்டு பருவ மழையும் வாங்குகிற ஜீவநதி என்று பெருமை பேசுகிறோம், கீழே வருஷத்தில் பாதி நாள் அது ஓடை. எட்டு அணைக்கட்டிலும் கால்வாய்க்கு எவ்வளவு, கார் சாகுபடிக்கு எவ்வளவு, பிசான சாகுபடிக்கு எவ்வளவு, குடிநீர்த் திட்டத்துக்கு எவ்வளவு, தூத்துக்குடி ஆலைகளுக்கு 20 எம்.ஜி.டி., அதாவது நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் திட்டத்தில் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. சுமார் 86,000 ஏக்கருக்கு முறைவைத்துத் தண்ணீர் பிரிக்கத் தெரிந்த ஊர் இது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் வெறும் பானையை வைத்து உட்காருகிறோம். கடல் முகம்தான் இந்த ஆற்றின் கடைசி மடை, அதற்கு முறை எழுதப்படவே இல்லை. கோடை மாதங்களில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தினமும் இவ்வளவு கன அடி குறையாமல் போக வேண்டும் என்று ஒரு எண்ணை அரசாணையில் எழுத வேண்டும். அந்த எண் என்ன என்பதை மீன்வளத்துறையும் நீர்வளத்துறையும் உட்கார்ந்து அளந்து சொல்லட்டும். வண்டலுக்கும் அப்படித்தான். அணைக்கட்டுகளில் மணற்போக்கி என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், வெள்ளக் காலத்தில் அதை முறையாகத் திறந்துவிட்டால் கொஞ்சமாவது மண் கீழே போகும். ஸ்ரீவைகுண்டம் அணை தூர்வார 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியிருந்தது என்பதை யோசித்தால், கதவைத் திறப்பது மலிவு.

சட்டத்தில் ஒரு வேடிக்கையான இடம் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதுதான் சி.ஆர்.இசட்., ஆற்றுக்குள் எதுவரை செல்லும் என்பதை உப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வருஷத்திலேயே வறண்ட நேரத்தில், ஆயிரம் பங்கு தண்ணீரில் ஐந்து பங்கு உப்பு எந்த இடம் வரை இருக்கிறதோ அதுவரை அலையேற்றம் உள்ள பகுதி. அப்படியானால் சித்திரை மாதத்தில் முகத்துவாரத்திலிருந்து மேலே ஆற்றில் உப்பை அளப்பது சட்டப்படியே முக்கியமான வேலை. அதை அளக்கிற கருவி ஒன்றும் பெரிய விலை இல்லை, இறால் பண்ணை வைத்திருக்கிறவர் எல்லோரிடமும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதிவிடலாம். பத்து வருஷம் எழுதினால் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அலையாத்தி நடுகிற விழாக்கள் பற்றி ஒரு வார்த்தை. வருஷா வருஷம் ஜூலை 26 கண்டல் காடுகள் தினத்தன்று பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் சேற்றில் இறங்கி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நட்டது எங்கே, அடுத்த வருஷம் எத்தனை நிற்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. ஏற்றத்தண்ணீர் வந்து போகாத மேட்டில் நட்டால் வெயிலில் சேறு வெடித்து உப்புப் பூத்து கன்று கருகும். அங்கே முதலில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, நடு வாய்க்காலும் கிளை வாய்க்காலுமாக, ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே வந்து வெளியேற வழி செய்ய வேண்டும். தண்ணீர் புழங்க ஆரம்பித்தால் விதை தானாக மிதந்து வந்து பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், வெறும் சேறாகக் கிடக்கிற இடத்தை எல்லாம் தரிசு என்று நினைத்து நட்டு நிரப்புவதும் தப்பு. உள்ளானும் பூநாரையும் இரை எடுப்பது அந்த வெறும் சேற்றில்தான். கைவிட்டுப்போன உப்பளங்களில் சில வரப்புகளை உடைத்து ஏற்றத்தண்ணீரை உள்ளே விடுவது நடவை விட நல்ல பலன் தரும் என்று நினைக்கிறேன், ஆனால் அதில் குத்தகைச் சிக்கல் வரும், விழா நடத்த முடியாது.

சாக்கடைக்கு வருவோம். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், குறுக்குத்துறை என்று பெயரெல்லாம் கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, அங்கே ஆற்றில் இறங்குகிறது என்னவென்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாதாளச் சாக்கடை வேலை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணிகள் தனிக் கதை, மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்குள் மறுபடி நிரம்பிவிடுகிறது. முகத்துவாரத்தை மட்டும் அழகுபடுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அடையாறு இருக்கிறது. 58 ஏக்கரில் பூங்கா அமைத்து, குப்பையை எடுத்து, கண்டல் நட்டு, 2011இல் திறந்தார்கள். நல்ல வேலைதான், பறவைகள் திரும்பி வந்தன. ஆனால் மேலே இருந்து கழிவுநீர் வருவது நிற்காதவரை அந்தப் பூங்காவுக்கு வெளியே ஆறு ஆறாகவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் ஒடிசாவின் சிலிகா ஏரி. ஏரிக்கும் அதற்கு வருகிற ஆறுகளின் வடிநிலத்துக்கும் சேர்த்து ஒரே அமைப்பு, சிலிகா மேம்பாட்டு ஆணையம். மேலே மண்ணரிப்பைக் குறைத்தார்கள், கீழே தூர்ந்துபோன வாய்க்குப் பதிலாக 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பும் நன்னீரும் மறுபடி சரியான விகிதத்துக்கு வர, மீன்பாடு ஏறியது. ஆபத்தில் இருக்கிற ராம்சர் இடங்களின், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலிருந்து 2002இல் சிலிகாவின் பெயரை எடுத்தார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? 1986 வரை ஒரே மாவட்டமாக இருந்தது திருநெல்வேலியும் தூத்துக்குடியுமாகப் பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. ஒரே வடிநிலத்துக்கு மூன்று கலெக்டர். மலை வனத்துறையிடம், புலிகள் காப்பகம். அணை நீர்வளத்துறையிடம், அதிலும் மேலே ஒரு கோட்டம், கீழ் தாமிரபரணிக்கு ஒரு கோட்டம். சாக்கடை மாநகராட்சி, கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், முகத்துவாரத்து மீனவர் மீன்வளத்துறை, உப்பளம் வேறு ஆள். வெளியே கடலில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம், மலையில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். இரண்டு முனையிலும் காப்பகப் பலகை, நடுவில் கேட்க ஆள் இல்லை.

மலை என்றதும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த சுமார் 8,374 ஏக்கர், 2028இல் குத்தகை முடிகிறது, 2024இலேயே தேயிலைக் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டது. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்று மழையளவுச் செய்தியில் முதலில் வருகிற பெயர்கள் எல்லாம் அங்கேதான். மணிமுத்தாற்றின் தலைப்பகுதி. தேயிலையை அப்படியே விட்டுவிட்டால் தானாகச் சோலைக்காடு ஆகிவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். ஆகாது, களைச்செடிதான் முதலில் மூடும். வால்பாறைப் பக்கம் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் களை எடுத்து, உள்ளூர் மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டு, இருபது வருஷத்துக்கு மேலாக வேலை நடக்கிறது, அவ்வளவு பொறுமை வேண்டும். அந்த வேலைக்கு மலையில் ஏறி இறங்கத் தெரிந்த கைகள் வேண்டும். நாலு தலைமுறையாக அங்கேயே இருந்த தொழிலாளர்களைக் கீழே இறக்கிவிட்டு, நாளைக்கு யாரைக் கூப்பிட்டு நடப் போகிறோம்? 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டுக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்து இதே ஆற்றங்கரையில் 17 பேரைப் பறிகொடுத்த சனம் அது. வடிநில மீட்பு என்று பேசுகிறவர்கள் இந்த ஒன்றையாவது சேர்த்து எழுத வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது, ஏரலும் புன்னைக்காயலும் துண்டாகின. அவ்வளவு மழைக்கு எந்த முகத்துவாரமும் தாங்காது என்பது உண்மை. ஆனாலும் வெள்ளம் பரவி நிற்க இடம் வைத்திருந்தோமா, குளத்துக் கரைகள் எந்த லட்சணத்தில் இருந்தன, வாயில் மணல்திட்டு எவ்வளவு இருந்தது, சீமை உடை என்கிற சீமைக் கருவேலம் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் வந்து நின்றது என்பதெல்லாம் வெள்ளம் வடிந்ததும் பேசியிருக்க வேண்டியவை. நிவாரணம் வாங்கினோம், கரையை மறுபடி கட்டினோம், அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

திட்டம் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். முதல் கூட்டத்தைக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஏ.சி. ஹாலில் வைக்காதீர்கள். புன்னைக்காயலில் வையுங்கள், சித்திரை மாதத்தில், அமாவாசையை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கிற நாளாகப் பார்த்து. மூன்று கலெக்டரும் வரட்டும், நீர்வளத்துறையும் வனத்துறையும் மாநகராட்சியும் வரட்டும். சேரன்மகாதேவியிலிருந்து மாமாவை நான் கூட்டி வருகிறேன், அவர் சண்டை போடுவார், போடட்டும், அந்த வலைக்கார அண்ணாச்சி பதில் சொல்லிக்கொள்வார்.